வலைக் கம்பத்தில் ஒரு பூசாரி

கண் வெட்டி மூன்று மாதம் ஆகாதவளை மாப்பிள்ளை பார்க்க அனுப்பியது என் தங்கச்சி செய்த வேலை. வெள்ளை விழுந்த கண்ணைப் பெரியாஸ்பத்திரியில் வெட்டி, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலை அசையாதபடி இரு பக்கமும் மணல் பை வைத்துப் பத்து நாள் கிடத்தியிருந்தார்கள். கட்டு அவிழ்த்தபோது இரண்டு கண்ணாடி தந்தார்கள். ஒன்று பார்ப்பதற்கு, போத்தல் அடி போலத் தடித்தது. மற்றது வெயிலுக்கு, கறுப்பு.

"உங்களுக்குத்தான் அக்கா, ஆளைப் பார்த்தவுடனே விளங்கும். நீங்கள் சரியெண்டால் சரி, இல்லையெண்டால் இல்லை" என்றாள் தங்கச்சி. அவள் மகள் பவளம் கிணற்றடியில் நின்று கேட்காதவள் போலக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் ஓம் என்றேன். எங்கள் குடும்பத்தில் என் சொல்லுக்கு மேலே சொல் கிடையாது.

மாப்பிள்ளையின் பெயர் குலசிங்கம். எங்கள் செல்லம்மா மச்சாளின் மகன். ஊரில் காணி இல்லாமல் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்குப் போய், காடு வெட்டி வயலாக்கி இருக்கிற குடும்பம். எங்கள் ஊராருக்கு ஆனையிறவு உப்பளம் தாண்டினால் கப்பல் ஏறிய மாதிரி. நான் புறப்பட்ட அன்று படலையடிக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி நுளம்பு கடிக்கும், வலை கொண்டு போ என்றாள். மற்றவள் கொத்தமல்லி கட்டித் தந்தாள். மூன்றாமவள் கண் கலங்கினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ரயில் கோச்சியில் எனக்கு எதிரே இரண்டு சிங்களத் தொழிலாளர் இருந்தார்கள். என்னைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் கதைத்தார்கள். பக்கத்தில் இருந்த தபால்காரர் பாஷை தெரிந்தவர். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்குச் சொல்ல வெட்கம். "அம்மா படத்தில நடிக்கிறவாவோ எண்டு கேக்கினம்" என்றார். நான் கறுப்புக் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு வெளியே பார்த்தேன். உப்பளம் முடிந்து காடு தொடங்கியிருந்தது.

மச்சாள் மாட்டு வண்டிலோடு வந்து காத்திருந்தாள். வீடு மண் சுவர், தென்னங்கிடுகுக் கூரை. ஆனால் முற்றத்துக்கு முன்னால் வாய்க்கால் ஓடுகிறது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுத் துலா மிதித்து, இழுத்து, அளந்து வார்க்கிற பொருள். இங்கே அது தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அன்று மூன்று தடவை கால் கழுவினேன்.

மத்தியானம் குளத்து விரால் குழம்பு. கடல் மீன் தின்று வளர்ந்தவள் நான். சேற்று மணமாக இருக்கும் என்று கொஞ்சமாகத்தான் போடச் சொன்னேன். இரண்டாம் முறை நானே சட்டியை இழுத்தேன். பிறகு எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அதற்கு மேலே தேன் விட்டாள் மச்சாள். இவ்வளவும் தந்துவிட்டு, "இங்க ஒண்டுமில்லை மச்சாள், உங்கட ஊர் மாதிரி வருமே" என்றாள். அவளுக்கு உள்ளூரப் பயம். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

பொழுது சாய மகன் வயலால் வந்தான். உயரம், ஆனால் விலா எலும்பை எண்ணலாம். மூன்று வருஷம் மலேரியாக் காய்ச்சல் தின்ற உடம்பு என்றாள் தாய். "வாங்கோ மாமி" என்றான்; அவ்வளவுதான் கதை. காலைக் கழுவினான், ஒரு தகரப் பேணியை எடுத்தான், மறுபடி வயலுக்குப் போனான். வரம்பில் குனிந்து குனிந்து எதையோ பொத்திப் பிடிப்பது தெரிந்தது. வெட்டுக்கிளி.

எதற்கு என்று கேட்டேன். "பூசாரிக்கு" என்றாள் மச்சாள்.

மாட்டுக் கொட்டிலின் மூலையில், கம்பி வலை அடித்த சவர்க்காரப் பெட்டிக்குள் இருந்தது பூசாரி. ஒரு தேவாங்கு. என் உள்ளங்கையளவு உடம்பு, குச்சி போலக் கை கால். மங்கலில் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குலசிங்கம் ஒவ்வொரு வெட்டுக்கிளியாகக் கம்பிக்குள்ளால் நீட்ட, அது மனிதர் கை நீட்டி வாங்குவது போல வாங்கியது. இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தது. பந்தடிக்கிற பெடியளுக்கு இந்தச் சீவன்தான் ராசி என்றாள் தாய். எனக்கு முகம் சுருங்கியது. பவளத்துக்குப் பந்தடிக்கிறவனா?

அடுத்த நாள் பின்னேரம் விளையாட்டைப் பார்க்க அழைத்துப் போனார்கள். வாய்க்கால் கரையில் புல்லுச் செதுக்கி ஒரு வெளி. நடுவிலே இரண்டு கம்பம், வலை. வொலிபோல். குலசிங்கம் தலைவன். வைத்தி என்று ஒருவன். குழுவில் வாய் அவனுக்குத்தான். அவன் பாலைப்பழம் ஒரு ஓலைக் குட்டானில் கொண்டுவந்து எனக்குத் தந்து, கதை முழுவதையும் சொன்னான். பாலைப்பழப் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டதால் இடையில் நான் ஒன்றும் கேட்க முடியாமல் போயிற்று.

போன வருஷம் பட்டினத்துக் குழு ஒன்றோடு விளையாடப் போயிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டும் விடாத ஆறு பேர். மைதானத்தில் இறங்கியவுடனே சனம் தேவாங்கு, தேவாங்கு என்று கத்தியிருக்கிறது. தேவாங்குகள் பந்தடிக்க வந்திருக்கின்றன என்று ஒருவன் தகரம் தட்டிச் சொன்னானாம். ஒரு புள்ளி கூட எடுக்காமல் திரும்பினார்கள். அடுத்த மாதம் காடு வெட்டும்போது விழுந்த பாலை மரத்தில் இது இருந்தது. குலசிங்கம் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். "தேவாங்கு எண்டுதானே சொன்னவங்கள். ஓம், நாங்கள் தேவாங்குதான் எண்டு கம்பத்தில கட்டினம் மாமி" என்றான் வைத்தி. அன்றிலிருந்து ஏழு ஆட்டம் தொடர்ந்து வெற்றி. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பூசாரியைப் பார்க்கவே சனம் கூடுகிறதாம்.

ஏன் பூசாரி என்று பெயர் வந்தது என்பதை அன்று கண்ணால் கண்டேன். வலைக் கம்பத்து உச்சியில் ஒரு சிறு பலகை. அதில் அதை இருத்தி, இடுப்புக் கயிற்றைக் கட்டி, மேற்கைப் பார்க்கத் திருப்பி விட்டான் குலசிங்கம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல மெல்ல இரண்டு கையும் மேலே வந்தன. முகத்துக்கு நேரே சேர்ந்தன. தலை தாழ்ந்தது. சூரிய பகவானைக் கும்பிடுகிறது என்றார்கள். அது கும்பிட்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கும்.

காட்டு உயிருக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்கு மெய் சிலிர்த்தது. கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து நின்று நானும் கும்பிட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

என்றாலும் அன்று இரவு படுக்கும்போது என் மனம் இல்லை என்றுதான் சொன்னது. நல்ல பெடியன்தான். ஆனால் காய்ச்சல் உடம்பு, வாயில் சொல் இல்லை, பந்து. ஊருக்குப் போய்ச் சரிவராது என்று சொல்லிவிட எண்ணினேன். மச்சாள் மூன்றாவது தலையணையைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீரூற்றில் போட்டியின் கடைசி ஆட்டம். அதே பட்டினத்துக் குழு. போன வருஷம் தகரம் தட்டியவர்கள். என்னையும் வரச்சொன்னார்கள், முல்லைத்தீவுப் பக்கம் நான் பார்க்காததால் சம்மதித்தேன். உழவு இயந்திரத்துப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, நடுவில் எனக்கு ஒரு கதிரை போட்டுக் கட்டியிருந்தார்கள். தேரில் ஏறியவள் போலப் போனேன். என் காலடியில் சவர்க்காரப் பெட்டி.

பாதி வழியில் யானை. ஒற்றை யானை, பாதைக்குக் குறுக்கே நின்று ஒரு மரக்கிளையை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. அது முடிக்கும் வரைக்கும் நாங்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருந்தோம். எங்கள் ஊரில் பாதையை மறிக்கிறது அயலவரின் வேலிதான். அதோடு சண்டை பிடிக்கலாம். யானை போன பிறகு, போன நேரத்தைப் பிடிக்கிறேன் என்று ஓட்டியவர் விரட்டினார். ஒரு மதகில் இழுவைப் பெட்டி துள்ளிய துள்ளலில் கதிரையோடு நான் சரிந்தேன். குலசிங்கம் பிடித்துக்கொண்டான். என் கறுப்புக் கண்ணாடியை யாரும் பிடிக்கவில்லை. அது பாதையில் விழுந்து பின் சில்லுக்குள் போயிற்று. தடித்த கண்ணாடி கைப்பெட்டிக்குள் இருந்ததால் தப்பியது. அதைப் போட்டுக்கொண்டேன்.

தண்ணீரூற்றில் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடை. இஞ்சி போட்ட பிளேன் டீயும் பனங்கட்டியும் தந்தார். தூரத்திலிருந்து வந்த அம்மா என்று தன்னுடைய கதிரையையே தூக்கிக்கொண்டு போய் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் எனக்குப் போட்டார். நல்ல இடம், முன்வரிசை. மேற்கைப் பார்த்த கதிரை.

பின்னேர வெயில். சோளகக் காற்று வீசி வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சனம் வேலி போல நின்றது. கம்பத்தில் பூசாரியை ஏற்றினார்கள். எங்கள் பக்கத்தார் கை தட்டினார்கள். மற்றப் பக்கத்திலிருந்து, தேவாங்கு ஏழு வந்திருக்குது எண்ணுங்கோ என்று ஒரு குரல் வர, சிரிப்பு எழும்பியது. குலசிங்கம் எதையும் கேட்காதவன் போலக் கயிற்றை முடிந்தான்.

மூன்று சுற்றில் முதல் சுற்றை எங்கள் பெடியள் எடுத்தார்கள். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. வெயில் தடித்த கண்ணாடிக்குள்ளால் வந்து வெட்டிய கண்ணில் ஊசி போலக் குத்தியது. கண்ணாடியைக் கழற்றினேன், அது இன்னும் மோசம். கண்ணை மூடினேன், இமைக்குள்ளாலும் சிவப்பாக வந்தது. கண்ணீர் கன்னத்தில் ஓடியது. இவ்வளவு சனத்துக்கு நடுவில் நான் அழுகிறேன் என்று நினைக்கப் போகிறார்களே என்றுதான் முதலில் வெட்கப்பட்டேன். பிறகு வெட்கமும் போயிற்று. தலை குனிந்து இரண்டு கையையும் சேர்த்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

வைத்தி கண்டுவிட்டான். "இஞ்ச பாருங்கோடா, மாமியும் கும்பிடுறா. ரெண்டு பூசாரி. இண்டைக்கு எங்களை ஒருத்தராலயும் வெல்லேலாது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "நான் கும்பிடேல்லையடா. கண் எரியுது" என்றேன்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க நின்ற குலசிங்கத்துக்கு அது கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்திக் கம்பத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். மத்தியஸ்தர் விசில் ஊதினார். அவன் அசையவில்லை. இரண்டாம் முறை ஊதினார். பந்தை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டுக் கம்பத்தடிக்குப் போனான்.

கம்பத்தில் தொற்றி ஏறினான்; கயிற்று முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தான். பெட்டிக்குள் வைத்து, தன் சால்வையால் மூடி, நேரே என்னிடம் கொண்டு வந்தான். "மாமி, ரெண்டு பேரும் நிழலுக்குப் போங்கோ" என்றான். அவன் சொன்னது அதுதான். குழுவில் இருந்த ஒருவன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். இன்னும் ஒரு சுற்றுத்தானே, முடிந்த பிறகு இறக்கலாம் என்று கெஞ்சினான். சனம் ஊளையிட்டது. பூசாரி ஓடிவிட்டார் என்று தகரம் தட்டினார்கள். குலசிங்கம் திரும்பிப் போய்ப் பந்தை எடுத்தான்.

மீதி ஆட்டத்தை நான் காதால்தான் பார்த்தேன். நானாவின் கடைக்குள், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நானா ஒரு சாக்கையும் கொண்டுவந்து மேலே போட்டு, உள்ளே என்ன என்று கேட்டார். பூசாரி என்றேன். "பூசாரியைக் கடைக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறனெண்டு எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சால் என்ர கதி என்ன அம்மா?" என்று சிரித்தார். பிறகு கடை வாசல் பலகைகளில் இரண்டைத் தானாகவே சாத்தி இருட்டாக்கினார்.

சால்வையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். தலையை முழங்காலுக்குள் புதைத்து உருண்டு கிடந்தது. கயிறு இருந்த இடத்தில் மயிர் உரிந்து ஒரு வளையம். விரலால் தொட்டேன். அதன் நெஞ்சு அடிக்கிற வேகம் என் விரலுக்குள் வந்தது. கட்டு அவிழ்த்த அன்று எனக்கும் இப்படித்தான் அடித்தது. அன்று தாதி யன்னல் சீலையை இழுத்து மூடி, ஆறுதலாக அம்மா, ஆறுதலாக என்றாள். இருட்டில் திரிகிற இந்தச் சீவனுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. நேற்று நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

வெளியே சத்தம் இரண்டு தடவை பெரிதாக எழும்பியது. எங்கள் பக்கத்துச் சத்தம் எனக்கு அதற்குள் பழகிவிட்டது. எழும்பியது அது அல்ல.

திரும்பும் வழியில் பெடியள் வைக்கோலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துச் சாய்ந்து கிடந்தார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் தாண்டியபோது பொழுது பட்டுவிட்டது. வைத்திக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமி வந்து எங்கட ராசியைக் கெடுத்துப்போட்டா" என்றான். பகிடிபோலச் சொன்னான்; பகிடி இல்லை.

குலசிங்கம் அவனை ஏசவில்லை. வைக்கோலைப் பார்த்துக்கொண்டு, "ஏழு ஆட்டம். ஏழுக்கும் மேற்கைப் பார்க்கக் கட்டினது நான்தான்" என்றான். பிறகு என்னைக் கேட்டான்: "அது எவ்வளவு நோகும் மாமி?"

பொய் சொல்ல எனக்கு வராது. "நோகும் தம்பி. நல்லா நோகும்" என்றேன். "நானும் நேத்து அதைக் கும்பிட்டனான்" என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கதிரையில் ஆடி ஆடி வந்தபோது எங்கள் ஊர் மாட்டுச் சவாரி நினைவுக்கு வந்தது. என் தகப்பனாரின் சோடி மாடுகள் ஓடிய காலத்தில், துவரந்தடி முதுகில் விழ விழ நான் கை தட்டியிருக்கிறேன். நான் பெரிய நியாயக்காரி இல்லை. ஆனாலும் மாடு தான் ஓடி வெல்கிறது. வென்றால் அதற்கு மாலை, தோற்றாலும் அதற்குத் தவிடு. இந்தச் சீவனுக்கு அந்தப் பந்தில் என்ன பங்கு? அவமானம் பெடியளுடையது. வெற்றியும் பெடியளுடையது. வெயில் மட்டும் இதனுடையது. அவர்கள் கெட்டவர்கள் என்று என்னால் எழுத முடியாது. வெட்டுக்கிளி பிடிக்கக் குனிந்த முதுகை நான் கண்டேன். அன்பாகத்தான் கட்டியிருந்தார்கள், ஆனால் அதன் கை ஏன் மேலே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

நாலாம் நாள் காலையில் குழு முழுவதும் மச்சாள் வீட்டு முற்றத்தில் கூடியது. நிழலில் வைத்து வளர்க்கலாம், ஆட்டத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டால் போதும் என்றார்கள் சிலர். கறுப்புத் துணியால் பெட்டியை மூடிக் கொண்டுபோகலாம் என்றான் ஒருவன். வைத்தி உண்மையைச் சொன்னான்: "அது இல்லாமல் போனால் நாங்கள் திரும்பவும் வெறும் தேவாங்குதானேடா." அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதுதான் எனக்கு அவனைப் பிடித்தது.

"பேர் எங்களோட இருக்கட்டும். அது போகட்டும்" என்றான் குலசிங்கம்.

சொல்ல வேண்டியதை என் கை தண்ணீரூற்றில் சொல்லிவிட்டது. மச்சாள் குசினி வாசலில் என்னைப் பிடித்து, அவன் பந்தே கதியென்று திரியிறவன் இல்லை, நேற்றுச் சனத்துக்கு முன்னால் நடந்ததை மனதில் வைக்காதேங்கோ என்று மன்றாடினாள். பெண் வீட்டார் அங்கே வைத்துப் பதில் சொல்வது முறையில்லை.

பொழுது சாயும் நேரம் காட்டோரத்துக்கு எல்லோரும் போனோம். அது இருந்த மரம் வெட்டுப்பட்டு வயலாகிவிட்டது. அதனால் வேறு ஒரு பாலை மரம் பார்த்தார்கள். குலசிங்கம் பெட்டியைத் திறந்து கொப்போடு சேர்த்துப் பிடித்தான். ஓடும் என்று நினைத்தோம். ஓடவில்லை. ஒரு கை வந்து கொப்பைப் பிடித்தது. யோசித்தது. மறு கை வந்தது. கிழவி படியேறுவது போல ஒவ்வொன்றாக வைத்து ஏறியது. என்னைப் போலத்தான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கிளைக் கவர் ஒன்றில் நின்று திரும்பியது. வெயில் இல்லை. கை இரண்டும் கொப்பில் இருந்தன. முதல் தடவையாக அதன் கண்ணை நான் பார்த்தேன். முகம் முழுவதும் கண்தான். தடித்த கண்ணாடிக்குள் என் கண்ணும் அப்படித்தான் அதற்குத் தெரிந்திருக்கும். பிறகு இலைக்குள் போயிற்று. வைத்தி தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டான். குலசிங்கம் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மச்சாள் கட்டித் தந்த தேன் போத்தலை எடுத்து வைத்தேன். தங்கச்சி செம்பில் தண்ணீர் தந்துவிட்டு நின்றாள். "மாப்பிள்ளை எப்பிடி அக்கா?"

குடித்து முடித்தேன். "மெலிஞ்ச ஆள். பந்தடிக்கிறவர். ஊருக்கு முன்னால தோத்துப்போய் வந்தவர்" என்றேன்.

தங்கச்சியின் முகம் விழுந்தது. கிணற்றடியில் பவளத்தின் துலாக் கயிறு பாதியில் நின்றது.

"கலியாணத்துக்கு நாள் பார்" என்றேன்.

தங்கச்சி ஏன் எப்படி என்று கேட்கத் தொடங்கினாள். நான் செம்பை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். கிணற்றுக்குள் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது.